சாண் டாங்கிக்குச் சுண்ணாம்பு

என் மேசையில் ஒரு டி-34 டாங்கி நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை ஓட்டிய வண்டி, முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிப் பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது. உண்மை வண்டியின் உடல் ஏறத்தாழ 6 மீட்டர். என்னுடையது 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. கரும்பச்சை அடித்து முடித்த கையோடு அதற்குப் பனிக்கால வேடம் கட்டிப் பார்க்க ஆசை வந்தது. ருஷ்யக் குளிரில் டாங்கிகளுக்குச் சுண்ணாம்பையும் சீமைச்சுண்ணத்தையும் கரைத்துப் பூசினார்கள் என்று படித்திருந்தேன். அசலே கையில் இருக்கும்போது போலி எதற்கு என்று ஒரு சாக்பீஸை உரசிப் பொடியாக்கி, தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் இழுத்துவிட்டேன்.

ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. காயக் காய வெள்ளை எழும்பி வந்தது. முழுக்கக் காய்ந்ததும் அவ்வளவு அழகு. ஆனால் விரல் பட்டால் உதிர்ந்தது. உதிராமல் இருக்கட்டும் என்று மேலே வார்னிஷ் தூவினேன். பத்து விநாடியில், கண்ணெதிரே, வெள்ளை மறைந்தது. பழைய பச்சை டாங்கிதான் மிச்சம். பொடி பறந்துவிடவில்லை, வார்னிஷுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. வெள்ளை மட்டும் இல்லை.

வெள்ளை எங்கே போயிற்று?

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் இதில் பாதியைப் பார்த்திருப்பார்கள். மட்டையால் இழுத்த சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது பழைய அழுக்கெல்லாம் அடியில் தெரியும். "நன்றாகக் கலக்கவில்லையோ" என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். வெள்ளையடிப்பவர் கவலைப்பட மாட்டார். காய்ந்தால் வரும் என்பது அவருக்குத் தெரியும். மறுபாதியைப் பஜ்ஜிக் கடையில் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் ஊறிய காகிதம் கண்ணாடிபோல் ஆகி, அடியில் இருக்கும் மேசை தெரியும். இரண்டும் ஒரே கதை.

சுண்ணாம்புத் துகள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் வெள்ளையே இல்லை. அது நிறமற்ற, ஒளி புகும் படிகம். சர்க்கரையும் உப்பும் அப்படித்தான். கண்ணாடிச் சில்லை அம்மியில் வைத்துப் பொடித்தால் வெள்ளைப் பொடி வரும். பனியும் இந்தக் குடும்பம்: தெளிந்த பனிக்கட்டித் துணுக்குகளும் இடையே காற்றும். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது அதன் வேகம் மாறுகிறது; எல்லையில் கொஞ்சம் வளைகிறது, கொஞ்சம் திரும்பித் தெறிக்கிறது. எவ்வளவு வேகம் குறைகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். காற்றுக்கு 1, நீருக்கு 1.33, சுண்ணாம்புக்கு ஏறக்குறைய 1.6. இரண்டு பொருள்களின் எண்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, எல்லையில் அவ்வளவு தெறிப்பு. கோடிக்கணக்கான துகள்கள், நடுநடுவே காற்று என்று இருந்தால் ஒளி பந்துபோல் இங்கும் அங்கும் மோதி, எந்த நிறத்தையும் இழக்காமல் வந்த வழியே வெளியேறிவிடுகிறது. எல்லா நிறமும் சமமாகத் திரும்பி வந்தால் கண்ணுக்கு அது வெள்ளை. இந்த மோதலைத்தான் ஒளிச்சிதறல் என்கிறோம்.

ஈரச் சுவரில் துகளுக்கு இடையே காற்று இல்லை, நீர் இருக்கிறது. 1.6-க்கும் 1.33-க்கும் இடைவெளி குறைவு, சிதறல் குறைகிறது, பழைய சுவர் தெரிகிறது. என் சாக்பீஸ் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். பள்ளிக்கூட சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். அதன் எண் 1.52. வார்னிஷின் எண் 1.5-ஐ ஒட்டியது. துகளைச் சுற்றி வார்னிஷ் நிறைந்ததும் ஒளிக்கு எல்லை எங்கே என்றே தெரியவில்லை. நேராக உள்ளே போய்ப் பச்சை வண்ணத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. நீராவது காய்ந்து காற்றுக்கு இடம் விடும். வார்னிஷ் குடியேறினால் குடியேறியதுதான்.

ஆக வெள்ளை என்பது பொடியில் இல்லை, பொடிக்கும் காற்றுக்கும் நடுவே இருக்கிறது. பனிக்கும் டாங்கி மேல் பூசிய சுண்ணாம்புக்கும் வெள்ளை வருகிற வழி ஒன்றே என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

சரி, உண்மையான டாங்கிக்கு ஏன் இப்படி உதிர்கிற பூச்சைப் பூசினார்கள்? நல்ல பெயின்டாகவே அடித்திருக்கலாமே? இங்கேதான் காலண்டர் குறுக்கிடுகிறது. ருஷ்யாவில் பனி நிரந்தரமில்லை. வசந்தம் வந்தால் சில நாட்களில் வெள்ளை நிலம் கறுத்த சேறாகிவிடும். சேற்றில் நிற்கும் வெள்ளை டாங்கி, எதிரிக்கு நட்டு வைத்த பெயர்ப்பலகை. ஆகவே பூச்சு குளிர்காலம் முழுக்க ஓரளவு நிற்க வேண்டும், பனி உருகும்போது தண்ணீரும் துடைப்பமும் கொண்டு தேய்த்தால் போய்விட வேண்டும். பெயின்ட் என்பது இரண்டு பொருள்: நிறம் தரும் நிறமி, அதைப் பிடித்து வைக்கும் பிணைப்பி. குளிர்காலப் பூச்சில் பிணைப்பியை வேண்டுமென்றே பலவீனமாக வைத்தார்கள். சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் சட்டை முதுகில் வெள்ளை ஒட்டுமே, அந்தப் பலவீனம்தான்.

இந்த ஏற்பாடு எல்லாருக்கும் முதலிலேயே தோன்றிவிடவில்லை. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தபோது பின்லாந்து வீரர்கள் வெள்ளை அங்கியோடு பனிச்சறுக்கில் வந்தார்கள். சோவியத் டாங்கிகளோ கரும்பச்சையில் பனிமேல் பளிச்சென்று நின்றன. 1941 ஜூன் 22 அன்று சோவியத் ஒன்றியத்துக்குள் புகுந்த ஜெர்மானியப் படை குளிருக்கு முன்பே போர் முடிந்துவிடும் என்று நம்பியது. அடர்சாம்பல் நிற டாங்கிகளோடு மாஸ்கோ வாசலில் பனியில் மாட்டிக்கொண்டபின், கிடைத்த சுண்ணாம்பு, சீமைச்சுண்ணம், படுக்கை விரிப்பு என்று எதையெல்லாமோ தேடி மூடினார்கள். 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளில் அமெரிக்கர்களுக்கும் இதே பாடு. பாஸ்டோன் ஊரருகே ஹெம்ரூல் என்ற சிற்றூரில் ஜான் ஹன்லன் என்ற அமெரிக்க அதிகாரி ஊராரிடம் படுக்கை விரிப்புகளைக் கடன் வாங்கித் தன் வீரர்களைப் போர்த்தினார். 1948-இல் புது விரிப்புகளோடு அந்த ஊருக்குத் திரும்பிப்போய்க் கடனை அடைத்தார்.

மாதிரிக்கு வருவோம். முப்பத்தைந்தில் ஒன்று என்று சொல்லும்போது நீள, அகல, உயரம் மூன்றையும் 35-ஆல் வகுத்துவிடுகிறோம். பிளாஸ்டிக் இதற்குச் சம்மதிக்கும். மற்றவை சம்மதிப்பதில்லை. மாதிரி செய்கிறவர்களின் வண்ணக் கலை முழுவதும், சுருங்க மறுக்கும் பொருள்களோடு நடத்தும் பேரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சுருங்க மறுப்பது ஒளி. உண்மை டாங்கியில் சுண்ணாம்புப் பூச்சு 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அதை 35-ஆல் வகுத்தால் 3 மைக்ரான். நம் தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு மெல்லிய படலத்தில் சுண்ணாம்புத் துகளுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பப் போதிய சந்தர்ப்பமே கிடைக்காது. காணும் ஒளியின் அலைநீளம் சுமார் அரை மைக்ரான். டாங்கியைச் சுருக்கினோமே தவிர அலைநீளத்தைச் சுருக்கவில்லை. இதனால்தான் மாதிரிக்காரர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டு டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளையை எடுக்கிறார்கள். அதன் ஒளிவிலகல் எண் 2.6-க்கு மேல், வைரத்தையும் மிஞ்சும். பிசினில் மூழ்கினாலும் எண்களின் இடைவெளி பெரிதாகவே இருப்பதால் வார்னிஷ் அதை விழுங்க முடியாது. அதன் துகளைக் கால் மைக்ரான் அளவுக்கு அரைக்கிறார்கள், ஒளியலையின் பாதி அளவு. அந்த அளவில்தான் சிதறல் உச்சம். கோலமாவைப் பரபரவென்று ஒரு பதத்துக்கு அரைக்கிறோமே, அதுபோல இதற்கும் ஒரு பதம் உண்டு. கூடினாலும் குறைந்தாலும் மூடும் திறன் குறையும்.

ஒரு குறுக்குச் செய்தி. புதுப்பனி, கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியையும் பெரும்பகுதி திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பும் அப்படியே. டைட்டானிய வெள்ளையோ புறஊதாவை உறிஞ்சிக்கொள்ளும். புறஊதாப் படத்தில் பனிமேல் கறுப்பாகத் தெரியும். பனிக்கரடிக்கும் இதே சங்கடம். துருவப் பகுதி ரெய்ன்டீர் மான்களுக்குப் புறஊதா தெரியும் என்று 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. என் மாதிரி டாங்கியால் ஒரு மானை ஏமாற்ற முடியாது.

அடுத்த பேரம் உரிதல். சுண்ணாம்பு பூசிய டாங்கி ஒரு வாரம்கூட முழு வெள்ளை டாங்கியாக இருப்பதில்லை. வீரர்கள் ஏறி இறங்கும் தடம், மூடிகளின் விளிம்பு, ஓட்டுநர் உரசும் முகப்பு, கருவிப்பெட்டி மூலை எல்லாம் தேய்ந்து அடிநிறம் எட்டிப்பார்க்கும். சக்கரங்களில் சேறும் பனியும் அரைத்து வெள்ளையைச் சீக்கிரமே தின்றுவிடும். இந்தத் தேய்மானத்தைச் சிறு தூரிகையால் புள்ளி புள்ளியாக வரைந்தால் அம்மை போட்டதுபோல் இருக்கும். மனிதக் கை தற்செயலை வரையத் தெரியாத கை. அறியாமலே இடைவெளிகளைச் சமன்படுத்திவிடும். ஆகவே உரிதலை வரையக்கூடாது, உண்மையாகவே உரிய வைக்க வேண்டும்.

அதற்கு மாதிரிக்காரர்கள் கண்டுபிடித்த வழி, கூந்தலுக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரே. அடிநிறத்தை அடித்து நன்றாகக் காயவிடுகிறார்கள். அதன்மேல் ஹேர் ஸ்ப்ரே இரண்டு பூச்சு. அதற்கும் மேல் நீர்த்த அக்ரிலிக் வெள்ளை, காற்றுத் தூரிகையால் மெல்லிய புகைபோல. அரைமணி, ஒருமணி நேரம் கழித்து வெள்ளையை நீரால் நனைத்து, கொஞ்சம் பொறுத்து, முரட்டுத் தூரிகையால் தேய்த்தால் வெள்ளை மட்டும் சில்லுச் சில்லாகக் கழன்று வரும்.

தபால்தலை சேர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உறையிலிருந்து தலையைப் பிய்த்தால் கிழியும். தண்ணீரில் மிதக்கவிட்டால் காகிதம் வழியே நீர் இறங்கி அடியிலுள்ள பசையைக் கரைத்துவிடும், தலை வழுக்கிக்கொண்டு வரும். ஹேர் ஸ்ப்ரேயில் இருப்பது நீரில் இளகும் நெடுமூலக்கூறுப் பிசின். இரவில் தலையை அலசினால் போய்விட வேண்டுமே, அதற்காகவே அப்படிச் செய்தது. புதிதாகப் பூசிய அக்ரிலிக் படலத்தில் நுண்துளைகள் இருக்கும். நீர் அவற்றின் வழியே இறங்கிப் பிசினை இளக்குகிறது. மேலே உள்ள வெள்ளைக்குப் பிடிமானம் போய்விடுகிறது. அக்ரிலிக் நாள்பட இறுகி, துளைகள் அடைபட்டு, நீரை உள்ளே விட மறுக்கும். ஆகவேதான் இந்த அவசரம். ஞாயிறு மாலை வெள்ளையடித்துவிட்டு அடுத்த ஞாயிறு தேய்க்க உட்கார்ந்தவர்களின் விரல்தான் தேயும்.

பலவீனமான பிணைப்பியால் பிடித்து வைத்த வெள்ளை என்ற உண்மை டாங்கியின் அமைப்பை இது மறுவழியில் திரும்பச் செய்கிறது. அங்கே பலவீனம் பூச்சுக்குள்ளேயே இருந்தது; இங்கே பூச்சுக்கு அடியில் தனி அடுக்காக வைத்திருக்கிறோம். வெள்ளை உறுதியானது, தரை வழுக்கல். சாக்பீஸ் முறையைவிட இது நூறு மடங்கு நேர்மையான போலி என்பது என் கட்சி.

மழைக்கோடுகளுக்கு இந்த வித்தையும் போதாது. உருகும் பனிநீர், டாங்கியின் செங்குத்துப் பக்கங்களில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கோடு கோடாக வழியும். அதையே மாதிரிமேல் நீர் தெளித்து உண்டாக்கலாம் என்று பார்த்தால் துளி நகராது, குமிழாக உட்கார்ந்திருக்கும். நீரின் மேற்பரப்பு இழுவிசையும் சுருங்க மறுக்கும் கட்சிதான். நீரின் தோல் அதைக் குமிழாக இழுத்துப் பிடிக்க, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே தோலின் கை ஓங்குகிறது, மேலே போனால் புவியீர்ப்பின் கை. சின்னத் துளி சன்னல் கண்ணாடியில் ஒட்டி நிற்பதும், பெரிய துளி சரிந்து ஓடுவதும் இதனால். மூன்று மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று என் டாங்கிமேல் விழுந்தால், அந்த உலகத்துக் கணக்கில் அது பத்து சென்டிமீட்டர் துளி. சாத்துக்குடியைவிடப் பெரிய துளிகள் பெய்யும் மழையில் எந்தக் கோடும் இயல்பாக விழாது. ஆகவே மழைக்கோட்டை எண்ணெய் வண்ணத்தால், மினரல் டர்பன்டைனில் நனைத்த தூரிகையை மேலிருந்து கீழ் இழுத்துப் போட வேண்டியிருக்கிறது. டர்பன்டைனின் இழுவிசை நீருடையதில் மூன்றில் ஒரு பங்குதான்; சந்துபொந்துகளில் மறுப்பில்லாமல் ஓடும்.

இப்படியெல்லாம் தேய்ந்திருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? இரும்பு டாங்கிகள் எத்தனையோ மிஞ்சியிருக்கின்றன. 2000 செப்டம்பரில் எஸ்டோனியாவின் ஏரியொன்றிலிருந்து ஒரு டி-34-ஐ இழுத்தெடுத்தபோது, ஜெர்மானியர் கைப்பற்றித் தீட்டிய சிலுவைக் குறி ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதன்மேல் தெரிந்தது. நல்ல பெயின்ட் அப்படி நிற்கும். கழுவுவதற்கென்றே பூசிய சுண்ணாம்பு நிற்காது. ஆகவே சான்று பெரும்பாலும் புகைப்படம், அதுவும் கறுப்பு வெள்ளை. அதில் அடர்சாம்பலும் கரும்பச்சையும் ஒன்றுபோல் இருக்கும். படத்தோடு தேதியையும் சேர்த்துப் படித்தால்தான் நிறம் பிடிபடும். ஜெர்மானியப் படை 1943 பிப்ரவரியில் அடிநிறத்தை அடர்சாம்பலிலிருந்து அடர்மஞ்சளுக்கு மாற்ற ஆணையிட்டது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் லெனின்கிராட் அருகே நின்ற டைகர் டாங்கியின் வெள்ளை உரிந்த இடத்தில் சாம்பல் தெரிய வேண்டும். 1944 கடைசியில் வேறெங்காவது நின்ற டாங்கி என்றால் மஞ்சள்.

கடைசியாக ஒரு பழைய வழக்கு. மாதிரிக்கு அப்பட்டமான வெள்ளை அடிக்கக்கூடாது, கொஞ்சம் மங்கவைக்க வேண்டும் என்பது தொழில் மரபு. காரணம் கேட்டால், தொலைவில் உள்ள மலை காற்றின் மூட்டத்தால் வெளிறித் தெரிவதுபோல டாங்கியும் தெரிய வேண்டும் என்பார்கள். கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. மாதிரியை 50 சென்டிமீட்டர் தள்ளிப் பார்ப்பது, உண்மை டாங்கியைப் பதினேழரை மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். எதிர்வீட்டுத் தொலைவு. அதற்குள் காற்றால் எந்த நிறத்தையும் வெளிற வைக்க முடியாது. மரபு சரி, காரணம்தான் தவறு. பனிவெளி வெயிலில் பல்லாயிரம் லக்ஸ் வெளிச்சத்தில் நிற்கும் டாங்கியை நாம் சில நூறு லக்ஸ் மேசை விளக்கில் பார்க்கிறோம். முழு வெள்ளையை முதலிலேயே செலவழித்துவிட்டால், வெயில் படும் விளிம்பைக் காட்ட அதைவிட வெளுத்த வண்ணம் கையில் மிஞ்சாது. வீட்டுச் சுண்ணாம்பில் நீலம் கலந்து வெள்ளையைத் தூக்கிக் காட்டுகிறோம். மாதிரிக்காரர் தலைகீழாக, ஒரு சொட்டு மணல் நிறம் கலந்து வெள்ளையை அடக்கி வைக்கிறார்.

உருமறைப்பு என்ற வித்தையின் பலனும் அந்தப் பதினேழரை மீட்டரில் தெரியாது. நல்ல கண்ணால் ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த விவரங்களைப் பிரித்தறிய முடியாது. வெள்ளைப் பட்டை, பச்சைச் சந்து, உரிந்த திட்டு எல்லாம் அங்கிருந்து கலந்து, மரங்களுக்கிடையே பனி கிடப்பதுபோல் ஆகிவிடும். அரைகுறையாய் உரிந்த டாங்கி முழு வெள்ளை டாங்கியைவிடக் காட்டில் நன்றாக மறைவது இதனால்தான். உங்கள் மாதிரியை அந்தத் தொலைவில் பார்க்க வேண்டுமானால் ஏறத்தாழ 29 மீட்டர் நடக்க வேண்டும். அங்கே போய்த் திரும்பினால் அது டாங்கி என்றே தெரியாது. மிகச் சின்னதாக ஏதோ இருக்கும்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க டாங்கி வேண்டியதில்லை. கறுப்புச் சிலேட்டில் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள். ஒரு பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர், மறுபக்கம் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். இரண்டு இடமும் உடனே கறுக்கும். மறுநாள் காலை போய்ப் பாருங்கள்: தண்ணீர் விட்ட இடத்தில் வெள்ளை திரும்பியிருக்கும், எண்ணெய் விட்ட இடத்தில் வராது. வார்னிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன் நான் செய்திருக்க வேண்டிய சோதனை இது.